பார்க்க இரண்டு ரூபாய்

"ஏம்மா, பாக்கறதுக்கெல்லாம் எவன் துட்டு குடுப்பான்?"

அப்பா இதைக் கேட்டு ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. தேய்ப்பு வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் ஆட்டியபடி, என் முகத்தைப் பார்க்காமல் யாரோ ஒருவரின் சட்டைக் காலரைப் பார்த்துக் கேட்டார். போன வாரம் அசோக் நகரில் என் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றபோது அந்தக் கேள்வி அதே குரலில் திரும்பி வந்தது.

வந்தவர் வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். நாற்பது வயது இருக்கலாம். என் கம்ப்யூட்டர் இரண்டு நாளாகக் கறுப்புத் திரையோடு உம்மென்று உட்கார்ந்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "மேடம், பார்க்கறதுக்கு ஐந்நூறு. சரியாகலைன்னாலும் குடுக்கணும். அப்புறம் பேச்சு வரக்கூடாது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார். பெட்ரோல் விலையைச் சொன்னார், நேரத்தைச் சொன்னார், எல்லாரும் போனிலேயே வைத்தியம் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்றார். பேசப் பேச அவருடைய வலது கை தோள்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் என் கையும் என் தோள்பை வாரை இப்படித்தான் முறுக்கிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்து பையைத் திறந்தார். திறந்ததும் வந்தது அந்த வாசனை. சால்டர் பேஸ்ட். ஈயத்தை உருக்கி ஒட்டுவதற்கு முன்னால் தொட்டுக்கொள்கிற பிசின். பழைய கோயில் மண்டபமும் எரிந்த ரப்பரும் சேர்ந்த மாதிரி இருக்கும். சிலருக்குத் தலை வலிக்கும். எனக்குப் பசிக்கும். ஏனென்றால் கிண்டியில் நான் வேலை பார்த்த தகரக் கூரைப் பட்டறையில் பதினெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ரேடியோவுக்குள் கம்பி ஒட்டுவோம். பகல் சாப்பாட்டு மணி அடிக்கும்போது அந்தப் புகை கூரைக்குக் கீழே ஒரு மேகமாக நிற்கும். புகையும் எலுமிச்சை சோறும் எனக்குள் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டன.

அந்தப் பட்டறையில் ஒரு சௌகரியம் இருந்தது. என் கைக்கு என்ன விலை என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வேறு யாரோ யோசித்து ஒரு நாள் கூலி வைத்திருந்தார்கள். குறைவு என்று முணுமுணுக்கலாம், அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் பட்டறையை மூடினார்கள். என்னிடம் மிச்சம் இருந்தவை ஒரு சால்டரிங் அயர்ன், மூர் மார்க்கெட்டில் செகண்டு ஹேண்டில் வாங்கிய, கரண்ட் அளக்கிற ஒரு மீட்டர், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், திருவல்லிக்கேணியில் ஒரு மாடியில் நடந்த ரேடியோ வகுப்பின் சான்றிதழ். அந்த வகுப்பில் முப்பது பேர். தாவணி போட்டவள் நான் ஒருத்தி.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதை நான் சும்மா விட்டுவிடுகிற ஆள் இல்லை. ரேஷன் கடையில், தபால் நிலையத்தில், எங்கே காகிதம் நீட்டினாலும் தேவைக்கு மேல் ஒரு சுழி சேர்த்துப் போடுவேன். அம்மா பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அவர் வண்டியில் முப்பது வீட்டுத் துணி மூட்டைகள் இருக்கும், ஒன்றுகூட மாறாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு வைத்திருந்தார். இரட்டை முடிச்சு டாக்டர் வீடு. காது விட்ட முடிச்சு கோமளா மாமி வீடு. முனையை உள்ளே செருகியது அண்ணாச்சி வீடு. மற்றவர்கள் பேரெழுதிச் சீட்டுக் குத்துவதை அவர் கேவலமாகப் பார்ப்பார். "பேப்பர் கீஞ்சிடும். முடிச்சு கீயாது" என்பார். பள்ளிக்கூடம் போன திமிரில் நான் அதைக் கேலி செய்ததும் உண்டு.

வண்டி நின்றது தியாகராய நகரில் ஒரு அமைதியான தெருவில். ஆமாம், அப்போது அங்கே அமைதியான தெருக்கள் இருந்தன. நாங்கள் குடியிருந்தது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்தில். அப்பாவின் கூலி ஊரறிந்தது. உருப்படிக்குப் பத்துப் பைசா. பட்டுப் புடவை என்றால் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். யாரும் பேரம் பேசியதில்லை. கொடுத்த துணி கசங்கலாகப் போனது, வந்த துணி மடிப்போடு வந்தது. வேலை கண்ணுக்குத் தெரிந்தது.

எனக்கு அதுதான் சிக்கல்.

பட்டறை மூடியதும் அப்பா எனக்காக ஒரு வேலை பேசிவிட்டு வந்தார். முனையைச் செருகிய முடிச்சு வீட்டு அண்ணாச்சிக்கு ரங்கநாதன் தெருப் பக்கம் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். படித்த பெண், பில் எழுதட்டும், மாதச் சம்பளம் என்று சொல்லியிருந்தார். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை. உட்கார ஸ்டூல் கிடையாது. நான் அப்பாவிடம் பொங்கல் வரைக்கும் தவணை கேட்டேன். வீடு வீடாகப் போய் ரேடியோ ரிப்பேர் செய்கிறேன், கடைச் சம்பளத்துக்குக் குறையாமல் கொண்டுவந்து காட்டுகிறேன், முடியாவிட்டால் தை பிறந்ததும் பில் எழுதப் போகிறேன் என்றேன். அப்போது ஐப்பசி. மூன்று மாதம் இருந்தது. அப்போது அப்பா கேட்டதுதான் அந்தக் கேள்வி.

"நான் ரெண்டு கைல தூக்கற இரும்ப வச்சிக்கினு தேக்கறேன். மடிப்பு தெரியுது. நீ பேனா மாரி ஒண்ணு வச்சிக்கினு போய் பாத்துட்டு வரப்போற. பாக்கறதுக்கெல்லாம் எவன் துட்டு குடுப்பான்?"

வீடு வீடாகப் போவது என் கண்டுபிடிப்பு இல்லை. அந்தக் காலத்தில் யாரும் ரேடியோவைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகப் பிரியப்படமாட்டார்கள். ஒன்று, அது கனம். முன்னால் பச்சைக் கண் எரிகிற வால்வு ரேடியோ ஒன்று பத்துத் தேங்காய் எடை இருக்கும். இன்னொன்று, கடைக்காரன் உள்ளே இருக்கிற கண்ணாடிக் குழலை, அந்த நல்ல வால்வை, உருவிக்கொண்டு பழசைச் செருகிவிடுவான் என்ற பயம். அதனால் ரிப்பேர்காரன் வீட்டுக்கு வர வேண்டும், வீட்டார் கண்ணெதிரே திறக்க வேண்டும். மாற்றிய பழைய சாமானை வேலை முடிந்ததும் வீட்டாரின் உள்ளங்கையில் வைக்க வேண்டும். இது எழுதாத சட்டம். அந்தச் செத்த சாமானை அவர்கள் என்ன செய்வார்கள் என்கிறீர்களா? ஒன்றும் செய்யமாட்டார்கள். அலமாரியில் ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். ஆனால் அது கைக்கு வந்தால்தான் பணம் வெளியே வரும்.

பகலில் ஆண்கள் ஆபீசில் இருப்பார்கள். ரேடியோ நின்று போவதோ பகலில், பெண்களுக்கான நிகழ்ச்சி நடக்கும்போது. வீட்டில் தனியாக இருக்கும்போது முன்பின் தெரியாத ஆளை எப்படி உள்ளே விடுவது? இந்த இடைவெளியில்தான் நான் நுழைந்தேன். நுழைத்தவள் அம்மா. தேய்த்த துணியை வீடுகளில் கொடுக்கப் போவது அவள்தான். ஒவ்வொரு வாசலிலும், "எங்க பொண்ணு ரேடியோ பாக்கும்மா. சர்ட்டிபிகேட் கீது" என்று சொல்லிவிட்டு வருவாள். துணி எண்ணிக்கை முடிந்ததும் சொல்லுவாளாம். முன்னால் சொன்னால் எண்ணிக்கை மறந்துவிடுமாம்.

முதல் அழைப்பு கோமளா மாமி. நான் பையோடு கிளம்பினேன். வழியெல்லாம் வாய்க்குள் கூலியை ஒத்திகை பார்த்தேன். ரயில் பாதையைக் கடக்கும்போது ஐந்து ரூபாய். மார்க்கெட் தாண்டும்போது நான்கு. தெரு முனையில் மூன்று. மாமி வீட்டுக் கேட்டின் கொக்கியைத் தூக்கும்போது ஒன்றரை. இன்னும் கொஞ்சம் தூரத்தில் அவர் வீடு இருந்திருந்தால் நானே கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

"மாமா ஆபீஸ் போயிருக்கார். எவ்வளவு ஆகும்னு முன்னாடியே சொல்லிடுடீ. அப்புறம் நான் கேட்டுண்டு நிக்க முடியாது" என்றார் மாமி.

"பார்த்துட்டுச் சொல்றேன் மாமி."

இதுதான் நான் செய்த முதல் தப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றது. பின்பலகையைக் கழற்றினேன். தூசி, பல்லி முட்டை, யார் வீட்டுக் கல்யாணத்திலோ சுருண்டு வந்த ஒரு ஜரிகைத் துண்டு. சூடான தூசி வாசனை. ஒன்றே முக்கால் மணி நேரம் தேடினேன். கடைசியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற குமிழுக்குப் பின்னால் ஒரு கம்பி ஒட்டு விட்டிருந்தது. பார்த்தால் ஒட்டியிருப்பது மாதிரியே இருக்கும், தொட்டால் ஆடும். அயர்னை வைத்தேன், ஒரு சொட்டு ஈயம். ரேடியோ அரை நிமிஷம் யோசித்துவிட்டுப் பாட ஆரம்பித்தது.

மாமி கையை நீட்டினார். கூலி கொடுக்க இல்லை. பழைய சாமானை வாங்க.

என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. ஒரு சொட்டு ஈயத்துக்கு என்ன கேட்பது? தேய்க்கிறவர் மகள் நான். உருப்படிக்குக் காசு என்று வளர்ந்தவள். உருப்படி எங்கே? "ஒண்ணும் மாத்தலை மாமி. ஒட்டு விட்டிருந்தது. ஒண்ணும் வேண்டாம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. மாமி நல்ல காபி கொடுத்தார். இரண்டு பூவன் பழம் கொடுத்தார். மயிலாப்பூரில் தங்கையிடம் சொல்கிறேன் என்றார். நான் பழத்தோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா ஒரு பழத்தை உரித்துக்கொண்டே, "ரேடியோக்காரம்மா சம்பளம் சொத்தையில்லாம கீது" என்றார்.

அடுத்த ஒரு மாதத்தில் இப்படி மூன்று வீடு. ரேடியோவில் வருகிற கோளாறில் பாதி ஒட்டு விட்டதுதான் என்பதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. சாமான் மாற்ற வேண்டிவந்த வீடுகளில் மட்டும் விலையோடு ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் சேர்த்து வாங்கினேன். வேலை சுளுவாக இருந்த இடத்தில் காசு வந்தது. உயிரைக் கொடுத்துத் தேடிய இடத்தில் காபி வந்தது. கார்த்திகை போனது. இரவில் படுத்தால் ஜவுளிக்கடையில் நிற்கிற மாதிரி கால் வலிக்கும். இன்னும் போகவே இல்லை, அதற்குள் வலி.

மார்கழி நடுவில் அண்ணாச்சி வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர் மனைவி கனியம்மா கூப்பிடுகிறார், ரேடியோ கரகரவென்கிறதாம்.

கனியம்மா பெரிய உருவம், சின்னக் குரல். கடைக்குப் போகமாட்டார், ஆனால் கடையில் யார் நிற்க வேண்டும், யார் வேண்டாம் என்பது அவர் சமையலறையில்தான் முடிவாகும் என்று அம்மா சொல்லியிருந்தாள். எனக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, முருங்கைக் கீரை ஆய்ந்தபடி என் கையையே பார்த்தார். அவர் மகள் சுகந்தி கல்லூரியில் பௌதிகம் படிப்பவள். அவளும் பக்கத்தில் வந்து குனிந்துகொண்டாள். "அக்கா, இது என்னக்கா? இது சூடாகுமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வியர்க்கவும் செய்தது.

ஒன்றரை மணி நேரம். மறுபடியும் ஒரு ஒட்டு. வால்வு செருகுகிற குழிக்கு அடியில். அயர்னை வைத்தேன், கரகரப்பு நின்றது. சுகந்தி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கனியம்மா கீரையைத் தட்டோடு உள்ளே வைத்துவிட்டு வரப் போனார்.

அந்த அரை நிமிஷம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இந்த வீட்டிலும் வெறுங்கையைக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பார்த்தாள், ஒன்றும் மாற்றவில்லை, ஒன்றும் வாங்கவில்லை என்று அண்ணாச்சி காதுக்குப் போகும். பாவம், அந்தப் பெண்ணுக்குத் தொழில் சரியாக வரவில்லை என்று தையில் கடைக்குக் கூப்பிட்டுவிடுவார். என் கை கட்டரை எடுத்தது. ஒரு நல்ல கண்டன்சரை, மிட்டாய் அளவுக்கு இருக்கும், இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தேன். பையிலிருந்த புதியதை அதே இடத்தில் ஒட்டினேன். கனியம்மா திரும்பி வந்து கையை நீட்டியபோது பழையதை உள்ளங்கையில் வைத்தேன்.

"இது செத்துப் போச்சும்மா."

"எவ்வளவு?"

"ஏழு ரூபாய்."

மறுபேச்சில்லாமல் கொடுத்தார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். இவ்வளவு சுலபமா என்று தோன்றியது. தெரு முனை வருவதற்குள் அந்தச் சுலபம் போய்விட்டது. நான் எதைக் காட்டித் தொழிலுக்கு வந்தேன்? கடைக்காரனைப் போல ஏமாற்றமாட்டாள், பெண், படித்தவள் என்பதைக் காட்டித்தானே.

பத்து நாள் கழிந்திருக்கும். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். முகம் ஒரு மாதிரி பளபளவென்று இருந்தது. கை கழுவாமலே பேச ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி பொண்ணு வண்டியாண்ட வந்துச்சு. காலேஜுல ஏதோ எக்சிபிசனாம். அதுக்கு சொந்தமா சின்ன ரேடியோ ஒண்ணு கட்டிச்சாம். நீ செத்துப் போச்சுன்னு குடுத்தியே ஒரு சாமான், அத்த அதுல வச்சுதாம். சூப்பரா பாடுதாம். அக்கா கை பட்டா செத்ததுகூட பொழைக்குதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுது." கொஞ்சம் நிறுத்தினார். "டாக்டர் வூட்டுக்காரர் கூட நின்னுக்கினு இருந்தாரு. கேட்டாரு. உம் பொண்ணாப்பான்னு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அப்பா என்னைப் பற்றித் தெருவில் பெருமைப்பட்ட முதல் நாள் அது. எனக்குக் காது இரண்டும் எரிந்தன. சுகந்திக்குக் கள்ளம் தெரியவில்லை. ஆனால் பாடுகிற கண்டன்சரை அவள் அம்மாவும் பார்த்திருப்பார். கனியம்மாவுக்கு அது புரியப் பௌதிகம் வேண்டியதில்லை. புடவையில் எந்த இழை மட்டம் என்று விரலால் தடவிச் சொல்கிற பெண்மணி.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. கூப்பிட்டு விடுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. மூன்றாம் நாள் அம்மாவிடம் ஏழு ரூபாய் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். எதற்கென்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

கனியம்மா முற்றத்தில் வடகத்துக்கு மாவு பிழிந்துகொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். ஒட்டு விட்டதுதான் கோளாறு, கண்டன்சர் நல்லது, கையில் வைக்க ஒன்றும் இல்லாததால் அதை வெட்டினேன் என்று. ஏழு ரூபாயைத் தூணோரம் வைத்தேன்.

அவர் பிழிவதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும்ட்டி" என்றார். "சுகந்தி பாட வச்சுக் காட்டுன அன்னைக்கே தெரியும். நீயா வாரியா, ஆள் விடணுமான்னு பாத்துட்டு இருந்தேன்."

பிழிந்தபடியே அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

"அண்ணாச்சிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா கடைக்கு நீ வேண்டாம். பில்லு எழுதுத கை இப்படி இருக்கப்படாது."

சரிம்மா என்றேன். தொழிலும் போயிற்று, கடையும் போயிற்று என்று மனசுக்குள் கணக்கு முடிந்துவிட்டது. திரும்பி நான்கு அடி நடந்தேன். நடையைத் தாண்டும்போது உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கரகரப்பு இல்லாமல் சுத்தமாக. அந்த ஒட்டைத் தேடிய ஒன்றரை மணி நேரம் ஞாபகம் வந்தது. முதுகு வலித்தது, கண் எரிந்தது, கடைசியில் அந்த ஆடுகிற கம்பி விரலில் பட்டது. அதில் பொய் எதுவும் இல்லை. அதைத் திருடவில்லை.

திரும்பி வந்தேன். "அம்மா, ஏழு ரூபாய் உங்களுது. ஆனா கோளாறைத் தேடிப் பார்த்ததுக்கு ரெண்டு ரூபாய் எனக்கு வேணும்."

இப்போது பிழிவது நின்றது. "என்னட்டி கேக்க? களவாண்டதுக்குக் கூலியா?"

"களவாண்டதைத் திருப்பி வச்சுட்டேன். இது பார்த்ததுக்கு."

"பாத்ததுக்குத் துட்டா? இது எந்த ஊரு வழக்கம்?"

"எனக்குத் தெரியலைம்மா. இன்னைலேர்ந்து என் வழக்கம்."

மாவுக் கையோடு என்னை ரொம்ப நேரம் பார்த்தார். சிரிக்கிறாரா, கோபமா, எனக்குப் பிடிபடவில்லை. பிறகு தூணோரம் இருந்த ஏழில் இரண்டை, மாவு ஒட்டிய விரலாலேயே எடுத்து என் பக்கம் தள்ளினார். "அடுத்த மட்டம் வந்தா வாசல்ல வச்சே சொல்லிரணும். உள்ள வந்து கழத்திப் போட்டுட்டு அப்புறம் ரேட்டு சொன்னேன்னா துரத்திவிட்டுருவேன்."

அந்த நோட்டுகளில் மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது. ரொம்ப நாள் செலவழிக்காமல் வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் ரிச்சித் தெருவில் ஈயக் கம்பி வாங்கக் கொடுத்துவிட்டேன். நான் அவ்வளவு பெரிய ஞாபகக்காரி இல்லை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடை வேலை இல்லை என்பதைவிட மற்றதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது.

"அப்ப நீ உயிர் குடுக்கல?"

"அது சாகவே இல்லப்பா."

"தெரு பூரா சொல்லிட்டேனே" என்றார். பீடியைப் பற்றவைக்காமல் விரலுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். நான் மூலையில் உட்கார்ந்து, அம்மா அரிசி டப்பாவின் மேல் மூடி வைத்திருந்த ஒரு பழைய புடவைப் பெட்டி அட்டையை எடுத்தேன்.

இப்போது அந்தத் தெருவுக்குப் போனால் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருக்கிறது. கனியம்மா வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடி நகைக்கடை. வாசலில் குளிர்க்காற்று கணுக்காலில் அடிக்கிறது. கோமளா மாமி வீட்டுக் கேட்டும் இல்லை, கொக்கியும் இல்லை. ரேடியோ வைத்திருக்க வருஷா வருஷம் தபால் நிலையத்தில் பணம் கட்டி வில்லை ஒட்டி வாங்குவோமே ஒரு லைசென்ஸ் புத்தகம், அது இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். மொட்டை மாடிகளில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொசுவலை மாதிரி கட்டியிருந்த ஏரியல் கம்பிகள் போய்விட்டன. சுவிட்சைப் போட்டதும் பாடாமல் அரை நிமிஷம் சூடேறுகிற பொறுமை போய்விட்டது. உள்ளங்கையை நீட்டிப் பழைய சாமானைக் கேட்கிற வழக்கமும் போய்விட்டது. எனக்குக் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்தவரிடம் நான் ஐந்நூறை முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். வேலை முடிந்ததும் பழக்க தோஷத்தில் கையை நீட்டினேன். அவர் பேனா கேட்கிறேன் என்று நினைத்துப் பேனாவைக் கொடுத்தார்.

அப்பாவின் முடிச்சுகளும் போய்விட்டன. முப்பது வீட்டுக்கு முப்பது விதம். நான் எழுதி வைத்திருக்கலாம். முடிச்சை எழுதத் தெரிந்திருந்தால்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னதற்கு மறுநாள் காலையில் வண்டியடியில் போய் நின்றேன். அட்டையில் இங்க்கில் எழுதி, எழுத்துக்கு மேலே மெழுகு தேய்த்திருந்தேன், பனியில் கரையாமல் இருக்க.

"இன்னா போட்டுக்கீற?"

"ரேடியோ பார்க்க இரண்டு ரூபாய். சாமான் விலை தனி."

"பாக்கறதுக்கா?"

"பாக்கறதுக்குத்தான்."

இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். அட்டையை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், நான் நேராகத் திருப்பிக் கையில் வைத்தேன். பிறகு கிழிந்த வேட்டி நாடா ஒன்றை எடுத்து, வண்டியின் முன்கம்பில், கரிப்புகை படாத பக்கமாக அட்டையை வைத்துக் கட்டினார். குனிந்து பார்த்தேன். டாக்டர் வீட்டு முடிச்சு இல்லை. மாமி வீட்டு முடிச்சும் அண்ணாச்சி வீட்டு முடிச்சும் இல்லை. எந்த வீட்டுக்கும் அவர் போட்டு நான் பார்த்திராத ஒன்று.

இழுத்து முடிக்கும்வரை நான் அங்கே நிற்கவில்லை. கோமளா மாமியின் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மயிலாப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, குளத்தைச் சுற்றி நடந்து, அந்த வீட்டு மணியை அடித்தேன். வழியில் எந்தத் தெரு முனையிலும் கூலி குறையவில்லை. கதவு திறந்தது. உள்ளே வா என்றார்கள். நான் செருப்பைக் கழற்றாமல் நின்று சொன்னேன்.

"மாமி, பார்க்கறதுக்கு ரெண்டு ரூபாய்."